எத்தனை அடி வேண்டும்?

"எத்தனை அடி சார் வேண்டும்?"

இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் என்னிடம் கேட்டவர் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். அவர் பதிலுக்காகக் காத்திருக்கிற வழக்கமில்லை. இந்தத் தடவை கேட்டவரோ தூண்டில் சாமான்கள் விற்கும் கடைக்காரர். பொறுமைசாலி. கையைக் கட்டிக் கொண்டு காத்திருந்தார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

சுவர் முழுவதும் தூண்டில் கம்புகள். ஐந்தரை அடிக் குள்ளன் முதல் கூரையை முட்டும் நெட்டையன் வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசைப்படி நின்றன. "எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. "ஏரிக்கரையிலும் பிடிப்பேன், நண்பர் ஒருவரிடம் கயாக் படகு இருக்கிறது, அதிலும் போவேன்" என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விளைவு? மனிதனுக்கு இயற்கையாக உள்ள ஆசை ஜயித்தது. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை வாங்கினேன். 12 அடி! கார்பன் நாரில் செய்தது. பழைய ரேடியோவின் ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிக் கைத்தடி அளவுக்கு வந்துவிடும். இழுத்தாலோ அனுமார் வால்தான்.

"நீளம் இருந்தால் தூரம் போகும் சார்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய் அல்ல; பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி நான் பட்ட பாட்டையும், மீதிப் பாதியை யாரிடம் கற்றுக் கொண்டேன் என்பதையும்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். மீன் பிடிக்கிறவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பார்கள். இதில் எதையும் தள்ள வேண்டாம். நான் தோற்ற கதை இது!

முதல் சோதனை செங்கற்பட்டுப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. மாலை நேரம். கரையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. கம்பை ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டினேன். நீட்டிய கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, தூரத்தில் எறிவதற்காகப் பின்னால் சாய்த்தேன்.

"ஏ தம்பி! கம்பை எறக்கு! எறக்குய்யா! மேலே பாரு!"

பெரியவரின் குரலில் இருந்த பதற்றத்தில் என் கை தானாகவே தாழ்ந்தது. மேலே பார்த்தேன். ஏரிக்கரையோடு, என் தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகள் மூன்று ஓடிக் கொண்டிருந்தன. என் கம்பின் நுனி எவ்வளவு நெருக்கத்தில் போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு அன்றும் தைரியம் இல்லை, இன்றும் இல்லை.

நேயர்களே, தூண்டில் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதை மட்டும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். காய்ந்த மூங்கில் கம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதுவும் நனைந்திருந்தால் நம்புவதற்கில்லை. கார்பன் கம்போ உலர்ந்திருந்தாலும் கடத்தும்; கிட்டத்தட்ட உலோகக் கம்பியைக் கையில் பிடித்திருப்பது போலத்தான். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பது கூட இல்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவிப் பாயும். மேல்நாடுகளில் இப்படிப் பலர் உயிரிழந்ததால் கம்பின் மேலேயே எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். மின்கம்பி போகும் இடத்திலிருந்து 100 அடி தள்ளிப் போய் உட்காருங்கள் என்பது பிரிட்டனில் சொல்லும் விதி. இடி மின்னலுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். இது கம்பின் நீளத்தைப் பற்றிய கட்டுரை அல்லவா? நீளத்தின் முதல் பாடம் இதுதான்: கம்பு வளர வளர, அது தொடக்கூடிய இடங்களும் வளர்கின்றன.

அன்று மீன் பிடிக்காமலே வீடு திரும்பினேன். ஆனாலும் புத்தி வரவில்லை. இரண்டாவது சோதனை கயாக்கில்.

கயாக் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசங்களில் இன்யூட் மக்கள் சீல் வேட்டைக்காகச் செய்து கொண்ட ஒற்றை ஆள் ஓடம் அது. கடலில் மிதந்து வந்த மரத்திலும் எலும்பிலும் சட்டம் கட்டி, அதன் மேல் சீல் தோலைப் போர்த்துத் தைத்திருப்பார்கள். இப்போது விற்பது பிளாஸ்டிக்கில் வார்த்தது. அதிலும் மீன் பிடிக்க உபயோகிக்கும் ரகத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஓடத்தின் உள்ளே அல்ல, மேலே உட்கார வேண்டும். அலை மேலே ஏறினால், தட்டில் உள்ள துவாரங்களின் வழியாகத் தண்ணீர் தானே இறங்கிவிடும். இது நம் கட்டுமரத்தின் தத்துவம் அல்லவா? கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, இடுக்குகளின் வழியாகக் கடலை வெளியேற்றி, காலங்காலமாக நம் மீனவர் செய்த காரியம்தானே!

ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரத்துக்காரர் தூண்டில் போடும்போது கம்பே வைத்துக் கொள்வதில்லை. நரம்பைக் கையிலேயே பிடித்து விடுவார். ஏன் என்று நான் யோசித்திருந்தால் நனைந்திருக்க மாட்டேன்.

சென்னைக்குத் தெற்கே ஒரு கழிமுகம். எது என்று சொல்ல மாட்டேன். தூண்டில்காரன் இடத்தைச் சொல்வது பெண்கள் வயதைச் சொல்வது போல. விடியற்காலையில் இரண்டு கயாக்குகளில் நானும் நண்பரும் புறப்பட்டோம். மிதவைச் சட்டை போட்டால்தான் அழைத்துப் போவேன் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தார். புழுக்கத்தில் அது ஒரு தண்டனை. மனசுக்குள் திட்டிக் கொண்டே போட்டுக் கொண்டேன்.

சூரியன் தலை காட்டும் நேரம். பாலத்தின் தூண் ஓரமாகப் போட்ட இரையை ஏதோ ஒன்று 'வெடுக்'கென்று பறித்தது. அடுத்த நிமிஷம் ஒரு கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. மூன்று கிலோவுக்குக் குறையாது. (இந்த இடத்தில் மட்டும் வேண்டுமானால் கொஞ்சம் தள்ளிக் கொள்ளுங்கள்.) ஓடியது; ஓட விட்டேன். களைத்தது, சுருட்டினேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, மீன் பக்கத்தில் வரும் வரையில்.

மீன் படகருகே வந்துவிட்டது. ஆனால் என் கம்பின் நுனி எங்கே? 12 அடிக்கு அப்பால்! நரம்பு நுனியிலிருந்துதானே தொங்குகிறது? மீனைக் கைக்குக் கொண்டு வரக் கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்தேன். கம்பு வில்லாக வளைந்ததே ஒழிய மீன் அருகே வரவில்லை. இன்னும் சாய்த்தேன். கம்போடு நானும் சாய்ந்தேன். என்னோடு படகும் சாய்ந்தது. 'படக்' என்று ஒரு சப்தம். கம்பு மூன்றாவது கணுவில் முறிந்தது. நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். குடமுருட்டி ஆற்றில் குதித்து வளர்ந்தவன். ஆனால் பின்னல் நரம்பு இரண்டு சுற்றுக் காலில் சுற்றிக் கொண்டு, மறு முனையில் மூன்று கிலோ மீன் இழுக்கும்போது நீச்சல் என்பது பெரிதாக உபயோகப்படவில்லை. மிதவைச் சட்டை தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தியது. நண்பர் வந்து கத்தரிக்கோலால் நரம்பை வெட்டினார். மீன் போயிற்று. மூக்குக்கண்ணாடி போயிற்று. செல்போன் போயிற்று. வீட்டுக்குத் திரும்பிய பிறகு மானமும் போயிற்று. கணுக்காலில் மட்டும் நரம்பு அறுத்த கோடு இரண்டு இன்னும் இருக்கின்றன.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தேன். அப்போது மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக் கொடுத்த மாமா. எழுபத்தைந்து வயதாகிறது. கயாக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. முறிந்த கம்பை அவர் முன்னால் வைத்தேன். முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எந்தக் கரைக்கு இதை வாங்கினே, மாப்ளே?"

"கரைக்கு இல்லே மாமா, படகுக்கு..."

"அதுவும் ஒரு கரைதான். நீ குந்தியிருக்கிற எடம் எதுவோ அதுதான் கரை. கம்பை மீனுக்கு அளந்தா வெட்டுறோம்? கரைக்கு அளந்துல்ல வெட்டணும்!"

எனக்குச் சின்ன வயதில் பார்த்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. வாய்க்காலுக்குப் போகும்போது மாமா எடுத்துப் போவது ஆறடி மூங்கில். ஆற்றுக்குப் போகும்போது அதே மூங்கில் குத்தில் வெட்டிய பன்னிரண்டடிக் கம்பு. இரண்டிலும் சிக்கியது ஒரே கெண்டையும் கெளுத்தியும்தான்!

மாமா சொன்னதை 1676-லேயே இங்கிலாந்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஐஸக் வால்ட்டன் என்பவர் 1653-ல் வெளியிட்ட பிரபலமான தூண்டில் புத்தகத்துக்கு, சார்லஸ் காட்டன் என்ற நண்பர் பின்னால் ஒரு பாகம் எழுதிச் சேர்த்தார். கம்பின் நீளத்தை ஆற்றின் அகலம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ட்ரௌட் மீன் வாழும் ஆற்றுக்கு ஐந்து ஆறு கஜம், அதாவது 15 முதல் 18 அடி, பொதுவாகப் போதும் என்கிறார். போதுமாம்! அந்தக் காலத்தில் ரீலைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. குதிரை வால் மயிரில் திரித்த நரம்பு கம்பின் நுனியிலேயே கட்டியிருக்கும். எனவே கம்பு எட்டுகிற தூரம் வரைதான் தூண்டிலும் எட்டும். மாமாவின் மூங்கிலும் அதே ஜாதிதான். ரீல் வந்த பிறகு தூரத்துக்காக மட்டும் நீளம் தேவையில்லை என்று ஆயிற்று; கம்புகள் குட்டையாயின.

நிற்க. மாமா சும்மா இருக்கவில்லை. "அந்தப் படகு எம்மாம் நீளம்? நீ எங்கே குந்துவே? காலை மடிப்பியா, நீட்டுவியா?" என்று துருவித் துருவிக் கேட்டார். 11 அடி நீளம், இரண்டரை அடி அகலம், நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும், முன்னால் ஆறடிக்குப் படகின் மூக்கு நீண்டிருக்கும் என்றேன். உடனே வாசலில் கிடந்த ஆறடி பெஞ்சை இழுத்துப் போட்டார். ஒரு கோடியில் என்னைக் காலை நீட்டி உட்கார வைத்தார். ஒட்டடைக் கம்பு வந்தது, பத்தடி. கொடியில் துணி போடும் கம்பு வந்தது, ஏழடி. குடை வந்தது, மூன்றடி. கம்பின் நுனியில், கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் சணல் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றின் மறு முனையைத் தானே பிடித்துக் கொண்டார்.

"இப்ப நான்தான் மீனு. என்னைப் பிடி பாப்போம்!"

முதலில் குடை. மீன் வலது பக்கத்தில் இருக்கும் வரை கவலையில்லை. திடீரென்று மாமா குனிந்தபடி பெஞ்சின் மறு கோடியைச் சுற்றிக் கொண்டு இடது பக்கம் ஓடினார். கயிறு பெஞ்சின் விளிம்பில் சிக்கி 'கிறீச்' என்று அறுத்தது. "போச்சா? நரம்பு அறுந்து போச்சு. மீனு போச்சு" என்றார் மாமா. உண்மையான படகிலும் இதுதான் நடக்கிறது. அடியில் புகுந்து மறு பக்கம் ஓடுவது மீனின் வழக்கம். கம்பின் நுனி படகின் மூக்கைத் தாண்டி மறு பக்கத்துக்குப் போகும்படியாக இருந்தால்தான் நரம்பு உரசாமல் தப்பும்.

அடுத்தது ஒட்டடைக் கம்பு. மாமா சுற்றினார், கம்பு பெஞ்சின் கோடியைச் சுலபமாகத் தாண்டியது. "இப்பக் கைக்குக் கொண்டா!" என்று கயிற்றை விறைப்பாக இழுத்தபடி நின்றார். நான் கம்பைப் பின்னால் சாய்த்தேன். எட்டவில்லை. இன்னும் சாய்த்தேன். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கியது. கழிமுகத்தில் விழுந்தவன் இப்போது மாமா வீட்டு வாசலில் விழுந்தேன்.

கடைசியில் ஏழடிக் கம்பு. மூக்கைத் தாண்டியது, கையைக் கொஞ்சம் உயர்த்திப் பின்னுக்குக் கொண்டு போனதும் கயிறு இடது கைக்கு எட்டியது. மீனைப் பிடித்துவிட்டேன்!

"எழுபத்தஞ்சு வயசு மீனைப் பிடிச்சதுக்கு இவ்வளவு சிரிப்பா? காபி ஆறுது, வாங்க ரெண்டு பேரும்" என்றார் அத்தை.

நேயர்கள் யாராவது கயாக் தூண்டில் வாங்க நினைத்தால், இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்துக் கொள்வது நல்லது.

இனி நீளம் என்னதான் செய்கிறது என்று பார்க்கலாம். மூன்று காரியம் செய்கிறது. கையை ஒரே வேகத்தில் வீசினாலும் நீளமான கம்பின் நுனி அதிக வேகத்தில் சுழல்கிறது. ஆகவே இரை தூரம் போகிறது. கடைக்காரரின் பாதி உண்மை இதுதான். இரண்டாவது, மீன் கடித்ததும் சுண்டி இழுக்கிறோம் அல்லவா? 6 அடிக் கம்பைப் படுக்கையிலிருந்து செங்குத்தாகத் தூக்கினால் நுனி ஏறக்குறைய 8½ அடி நகரும். 10 அடிக் கம்பானால் 14 அடி. தொலைவில் தொய்ந்து கிடக்கும் நரம்பை விறைப்பாக்கி முள்ளை ஏற்ற இது உதவுகிறது. மூன்றாவது காரியத்தைக் கடைக்காரர் சொல்லவில்லை. கம்பு ஒரு நெம்புகோல். ஆனால் நெம்புகிறவர் நாம் அல்ல, மீன்! நுனியில் மீன் 2 கிலோ பாரத்துக்கு இழுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்பின் அடியை வயிற்றில் ஊன்றி, அதிலிருந்து ஓர் அடி தள்ளிக் கை பிடித்திருக்கிறது. 6 அடிக் கம்பானால் அந்தக் கை 12 கிலோ தாங்க வேண்டும். 12 அடிக் கம்பானால் 24 கிலோ! கம்பு வளைவதால் பாரம் ஓரளவு குறையும் என்பது வாஸ்தவம். ஆனாலும் நீளம் அதிகமாக அதிகமாக மீனின் கை ஓங்குகிறது என்பதில் மாற்றமில்லை.

கரையில் நிற்பவனுக்கு இது பெரிய நஷ்டமில்லை. அவனுக்குக் கால்கள் இருக்கின்றன. காலை அகட்டி ஊன்றலாம், பின்னால் நாலடி நடந்து மீனை மணலுக்கு இழுக்கலாம், பக்கவாட்டில் ஓடலாம். கயாக்கில் உட்கார்ந்தவனுக்குக் கால்கள் இருந்தும் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அதனால் கரையில் நீளம் கொண்டாடப்படுகிறது. எல்லாக் கரையிலும் அல்ல. புளிய மரமும் புங்க மரமும் கவிந்த வாய்க்கால் ஓரத்தில் 9 அடிக் கம்பை வீசினால் இலைதான் அகப்படும். அங்கே 6 அடி, 6½ அடி. விரால் பிடிக்கிறவர்கள் தவளை பொம்மையைப் பாசிக்கு மேலே தத்த விட்டுப் பிடிப்பார்கள். அவர்களுக்கும் 7 அடிக்கு உள்ளேதான் சௌகரியம். ஆனால் கம்பு தடியாக, விறைப்பாக இருக்க வேண்டும். விரால் கடித்ததும் பாசிக்குள் புகுந்து கொள்ளும். அதைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே கொண்டு வர முடியாது.

கரை ஓரம் கோரையும் ஆகாயத் தாமரையும் மண்டிய பெரிய ஏரி என்றால் கதையே வேறு. செடிகளுக்கு அப்பால் இரையைப் போட வேண்டும். பிடிபட்ட கட்லாவைச் செடிகளுக்கு மேலாகத் தூக்கி வர வேண்டும். 8 முதல் 10 அடி வரை தாராளமாக வைத்துக் கொள்ளலாம். ஏரி குளங்களில் தூண்டில் போடுவதை லேசாக நினைக்காதீர்கள். சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகத்தில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் பிடிப்பதைப் பற்றி 1873-ல் ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று, குளத்து மீன் பிடிப்பதற்கென்றே 1887-ல் இன்னொரு புத்தகம் எழுதினார். இப்போது பல ஏரிகளில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக் கொண்டு உட்காருவது மரியாதை, தடியடியும் மிச்சம்.

கடற்கரை மணல்தான் நெட்டைக் கம்புகளின் ராஜ்யம். அலை உடையும் இடத்துக்கு அப்பால் இரை விழ வேண்டும். விழுந்த பிறகும் நரம்பு முதல் அலையில் படாமல் உயரத்தில் நிற்க வேண்டும். பட்டால் அலையோடு இரையும் கரைக்கு வந்துவிடும். எனவே 11 முதல் 13 அடி. அந்தக் கம்புகளுக்குக் கைப்பிடியும் நீளம். இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பையே சுழற்றி எறிவார்கள். நான் வாங்கியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மேல் தப்பில்லை. கடற்கரையில் பிறந்ததைப் படகில் ஏற்றியவன்மேல்தான் தப்பு.

கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி நீட்டியிருக்கிறார்களே, அதற்கு நம் மக்கள் 'தூண்டில் வளைவு' என்று பேர் வைத்திருப்பது எத்தனை பொருத்தம்! அதன் மேல் தூண்டிலோடு நிற்பவர்களை எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம். அங்கே 9, 10 அடி நல்லது. கல்லில் உரசாமல் நரம்பைத் தள்ளிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். கல்லில் இறங்கி மீனை எடுக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பாசி பிடித்த கல் யாருக்கும் உறவில்லை. நீண்ட பிடி வைத்த வலை ஒன்று கூட இருக்கட்டும்.

கயாக்குக்கு வருவோம். 6½ அடிக்குக் குறையாமல், 7½ அடிக்கு மிகாமல் என்பது என் தீர்மானம். பெரும்பாலோர் 7 அடியில் வந்து நிற்கிறார்கள். 13 அடிக் கயாக் வைத்திருப்பவர் 7½ பக்கம் சாயலாம். மூக்கு நீளம் அல்லவா! நேர் கீழே ஆழத்தில் இரையை இறக்கிக் குதிக்க வைத்துப் பிடிப்பவருக்கு 6, 6½ அடியே போதும். அவர் எறியப் போவதில்லை, தூக்கத்தான் போகிறார். படகு ஓட ஓட இரையை இழுத்துச் செல்பவர், இரண்டு பக்கமும் இரண்டு கம்புகளைக் குழாயில் செருகி வைப்பார். நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளாமல் விலகி நிற்க, அவருக்குக் கொஞ்சம் நீளம் அனுகூலம்.

"குட்டைக் கம்பால் தூரம் போகாதே?" என்கிறீர்களா? போக வேண்டிய தூரத்தைத் துடுப்பு போய்விடும், ஐயா! கரையில் நிற்பவன் மீனிடம் இரையை அனுப்புகிறான். கயாக்காரன் தானே போகிறான். பிறகு 12 அடி எதற்கு?

நீளத்தைப் போலவே முக்கியமானது கைப்பிடி. ரீலுக்குப் பின்னால் உள்ள பாகத்தை முன்கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். முழங்கையைத் தாண்டி நீண்டால் கயாக்குக்கு ஆகாது. திரும்பும்போதெல்லாம் மிதவைச் சட்டையில் இடிக்கும். கம்பில் ஒரு கயிறு கட்டிப் படகோடு பிணைத்து வையுங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது கம்பை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்துக் கட்டுங்கள். படகு கவிழ்ந்தால் நிற்கிற கம்பு மணலில் குத்தி முறியும். கத்தரிக்கோலை எட்டும் இடத்தில் தொங்க விடுங்கள். கணுக்கால் உள்ளவன் சொல்கிறேன்.

"ஒரே கம்புதான் வாங்க முடியும், கரைக்கும் அதுவே, கயாக்குக்கும் அதுவே" என்று சொல்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்கள் 7 அடி வாங்கட்டும். கரையில் அது கொஞ்சம் குட்டைதான். எறியும் தூரம் குறையும், அவ்வளவுதான். கயாக்கில் 10 அடிக் கம்பு செய்யும் சேஷ்டையோடு பார்த்தால் இது ஒரு நஷ்டமே அல்ல. கரையில் நெட்டை இல்லாதது அசௌகரியம். படகில் நெட்டை இருப்பது ஆபத்து. பெரிய ஏரிக்கரையில் மட்டுமே உட்காருகிறவர் 9 அடி வாங்கலாம்.

கடையில் கம்பைக் கையில் எடுத்ததும் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 2.1 என்றால் 7 அடி, 2.7 என்றால் 9; 3.6 என்றால் என் பழைய நண்பன். பக்கத்திலேயே எத்தனை கிராம் எடையை எறியலாம் என்றும் எழுதியிருக்கும். நீங்கள் போடும் ஈயக்குண்டு அதற்குள் இருக்க வேண்டும். ஏரியல் மாதிரி அடங்கும் கம்பு பஸ்ஸில் கொண்டு போகச் சுகம். ஆனால் கணுக்கள் அதிகம், நுனி நோஞ்சான். இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் 7 அடிக் கம்பு மூன்றரை அடியாக மடிந்துவிடும். கண்டக்டரும் முறைக்க மாட்டார்.

ஊரிலிருந்து திரும்பியதும் அதே கடைக்குப் போனேன். அதே கடைக்காரர்.

"எத்தனை அடி சார் வேண்டும்?"

"ஏழு. இரண்டு துண்டு. கைப்பிடி முழங்கைக்குள் இருக்க வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

மாமாவுக்கென்று 9 அடியில் ஒன்று வாங்கி அனுப்பினேன். கார்பன் வேண்டாம் என்று கண்ணாடி நார்க் கம்பாகவே பார்த்து எடுத்தேன். அது பரணில் பத்திரமாக இருக்கிறதாம். மாமா மூங்கிலோடுதான் ஆற்றுக்குப் போகிறார். முறிந்து போன பன்னிரண்டடியின் அடிப்பாகத்தை அத்தை கொல்லையில் நட்டுவிட்டார். பாகற்கொடி அதில் ஏறிக் கொண்டிருக்கிறது.